மேகத்துக்குள் ஓர் அம்புக்குறி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? அம்மா தரும் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறீர்களா? நான் சௌக்கியம். போனில் சொன்னால் நடுவிலேயே திட்டுவீர்கள் என்றுதான் கடிதம்.

நேற்று பாராசூட்டில் குதித்தேன். குதிப்பவர்களுக்கு வழிகாட்டும் கருவியைச் செய்கிறவர்கள் ஒருமுறையாவது அதோடு குதிக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். இந்த வெளிநாட்டிலும் பயிற்சியாளர் தமிழர்தான்; அவர் என்னைத் தன்னோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

பாராசூட் விரிந்து மேகத்துக்குள் இறங்கினோம். மேல், கீழ் எதுவுமே இல்லை அப்பா, வெறும் வெள்ளை. என் நெஞ்சிலிருந்த கருவியில் அரிசி அளவு அம்புக்குறி மட்டும், நாங்கள் எப்படிச் சுற்றினாலும் தானும் திரும்பி ஒரே திசையைக் காட்டியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இறங்குற மைதானம் நாலாயிரம் கிலோமீட்டர்னு காட்டுது?"

சோதிக்கும்போது நம் வீட்டைத்தான் இலக்காகப் போடுவேன். மாற்ற மறந்திருக்கிறேன்!

"அது எங்க வீடு சார்."

சிரித்துக்கொண்டே தன் கையில் கட்டியிருந்த கருவியைப் பார்த்துப் பத்திரமாக இறக்கினார்.

ஒரு சின்ன உதவி. வீடு என்று நான் போட்டிருப்பது உண்மையில் நம் தெருமுனைதான். சாயங்காலம் நீங்கள் நாற்காலி போட்டு உட்காரும் இடத்திலிருந்தே லொகேஷன் அனுப்புங்கள். சோதனைக்குத்தான்.

கம்பெனி வேன் வந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்