முக்கியம் – தொடாதே

ஏப்ரல் 3

இன்று எங்கள் கம்ப்யூட்டர் தேர்வு மையத்தில் தேர்வு நாள். வழக்கம்போல் கோழிக்கு முன்னால் எழுந்து போய், சர்வர் அறையில் முப்பது மெஷின்களையும் ஒவ்வொன்றாக எழுப்பினேன். உண்மையில் அங்கே இருப்பது ஒரே ஒரு பெட்டி. அதற்குள்ளே முப்பது பொய்க் கம்ப்யூட்டர்கள். விர்ச்சுவல் மெஷின் என்று மரியாதையாகச் சொல்வார்கள். தேர்வு எழுத வருகிறவர்களுக்கு எதிரே இருக்கும் திரை சும்மா முகம்தான். வேலை செய்வதெல்லாம் இந்தப் பொய்க்காரர்கள். ஒன்றை எழுப்பு, காத்திரு, அடுத்ததை எழுப்பு. சில சமயம், "அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்கின்றன.

மாலை அக்கா போன். அக்கா பள்ளியில் விளையாட்டு டீச்சர். வீட்டிலும் கழுத்தில் விசில் தொங்கும்.

"மே இருபத்திரெண்டு கடலுக்குப் போறோம். ரூம் போட்டாச்சு. மூணு தடவை ஏமாத்திட்டே. இந்தத் தடவையும் ஆபீஸ்னு இழுத்தே, உன் மாமியாரைக் கூட்டிட்டுப் போயிடுவேன், பாத்துக்கோ."

மே இருபத்திரண்டும் தேர்வு நாள்தான். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 4

அக்காவின் மிரட்டலை நேற்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன். இன்று மாமியார் தொப்பி வாங்கியிருக்கிறார். அகலமானது, ரிப்பன் வைத்தது. "சும்மாதான் வாங்கினேன், வெயிலுக்கு" என்றார். இவர் வெயிலில் எங்கே போகிறார்?

ஏப்ரல் 6

மேனேஜரிடம் லீவு கேட்டேன்.

"நீ இல்லாம மெஷினை யாரு எழுப்புவா?"

"தானா எழுந்துக்கற மாதிரி செஞ்சுடறேன் சார்."

"செஞ்சு காட்டு. ஒத்திகையில ஒண்ணு கூட மக்கர் பண்ணக் கூடாது. அப்புறம் பேசலாம்."

அவர் 'அப்புறம் பேசலாம்' என்றால் 'இல்லை' என்று அர்த்தம். ஆனால் இந்த முறை ஒரு நிபந்தனையாவது சொன்னாரே! அதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 17

மெஷினுக்கு வரிசையாகக் கட்டளை போடும் ஸ்கிரிப்ட் எழுதி முடித்தேன். தாய் மெஷின் ஒன்று. நேரம் வந்ததும் அதைப் பார்த்து முப்பது பிரதி எடுத்து, பெயர் வைத்து, எழுப்பிவிடும். கூடவே இன்னொரு ஸ்கிரிப்ட். அதற்கு டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் நாடி பிடித்துப் பார்க்கும். யாராவது மூச்சை நிறுத்தினால் உடனே இன்னொருவரைப் பிறக்க வைக்கும். எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. கைதான் எட்டவில்லை.

மே 2

ஒத்திகை. முப்பதும் தானாக எழுந்தன. மேனேஜர் கை தட்டினார். நான் மனத்துக்குள் கடலில் கால் நனைத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து முப்பதும் ஒன்றாக அணைந்தன. டாக்டர் பதறிப்போய் முப்பது புதுசு போட்டார். அடுத்த மணி நேரத்தில் அவையும் போயின. டாக்டர் விடுவாரா? இன்னும் முப்பது. செத்ததை அகற்றச் சொல்லி நான் டாக்டருக்கு எழுதவே இல்லை. எழுதவே இல்லை! மதியத்துக்குள் பெட்டிக்குள் பிணங்கள் குவிந்து இடமே இல்லாமல் போய், சர்வர் அலற ஆரம்பித்துவிட்டது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "மணிக்கொரு தடவை ஓய்வெடுத்துக்குதே, நல்ல பழக்கம்தானே?"

ஐயோ. என்ன பண்ணித் தொலைச்சேன் நான்? – அப்புறம்தான் திரையின் மூலையில் பொடி எழுத்தைப் பார்த்தேன். சோதனைக் காலம் முடிந்தது. மையம் திறந்த அவசரத்தில் ட்ரையல் ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டேன். லைசென்ஸ் பிறகு வாங்கலாம் என்று மேனேஜரிடம் சொன்னதற்கு, "அப்புறம் பேசலாம்" என்றார். இரண்டு பேரும் மறந்தோம். அது மறக்கவில்லை. கெடு தாண்டியதும் மணிக்கொரு தரம் தானே அணைந்துகொள்கிறது. தாய்க்கு இருக்கிற வியாதிதானே பிள்ளைகளுக்கும் வரும்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார், "லீவு கிடைச்சுதாம்மா?" "இல்ல அத்தை." "அடடா" என்றார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

மே 4

லைசென்ஸ் விற்கிறவருக்கு போன் போட்டேன். தேன் தடவின குரல்.

"மெஷின் எத்தனைங்கறது பேச்சே இல்லைங்க. பெட்டியில கோர் எத்தனை?"

கோர் என்றால் பெட்டியின் மூளைக்குள் இருக்கும் குட்டி மூளைகள். "எட்டு."

"அப்போ பதினாறுக்கு வாங்கணும்."

"எட்டுதானே இருக்கு?"

"குறைஞ்சது பதினாறுங்க."

"சரி, வாங்கினா முப்பதும் ஓடுமா?"

"ரெண்டு ஓடும்."

"மூணாவதுக்கு?"

"மறுபடியும் முழுசா ஒரு பதினாறு."

"நாலாவதுக்கு?"

"அது மூணாவதோட சேர்ந்து வந்துடும். ரெண்டு ரெண்டாத்தான் கணக்கு."

முப்பதை இரண்டிரண்டாக விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டார். எத்தனை மெஷின் வேண்டுமானாலும் ஓட்ட ஒரு பெரிய லைசென்ஸ் உண்டாம். அதன் விலையை மேனேஜரிடம் சொன்னபோது என் தண்ணீரையும் எடுத்துக் குடித்துவிட்டார். "ஒண்ணு வாங்கித் தரேன். ஒண்ணே ஒண்ணு. அதுக்குள்ள முடிச்சுக்கோ" என்றார்.

அக்காவிடம் புலம்பினேன். "ரெண்டு ரெண்டாத்தான் கணக்கா? அப்போ நாம மூணு பேராப் போறதுக்கு உன் மாமியாரையும் சேர்த்தா நாலு, கணக்கு சரியாயிடும்" என்றாள். மூன்றாவது ஆள் யார் என்று கேட்டேன். அவளுடைய பெட்டியாம்.

மே 6

குளிக்கும்போது பொறி தட்டியது! தேர்வு எழுத என்ன வேண்டும்? ஒரு பிரவுசர். அதற்கு எதற்குக் காசு கொடுத்து வாங்கும் சிஸ்டம்? இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போதும். முப்பது என்ன, முந்நூறு எழுப்பினாலும் யாரும் எண்ண மாட்டார்கள். காசு சிஸ்டம்தான் வேண்டுமென்று அடம் பிடிப்பவை, அந்த முப்பதுக்கு வெளியே தனி மெஷினில் ஓடும் இரண்டே இரண்டு: கேள்வித்தாள் மென்பொருள், மார்க் அச்சடிக்கும் மென்பொருள். இரண்டு! ஒரு லைசென்ஸுக்குள் கச்சிதமாக அடங்கும். சோப்பு நுரையோடு ஆடினேன்.

மே 7

மூன்று.

மெஷின் பட்டியலின் அடியில் இன்னொரு மெஷின் கிடக்கிறது. பெயர்: 'முக்கியம் – தொடாதே'. மையம் திறந்த அன்று மேனேஜர் கேட்டு நான் போட்டுக் கொடுத்தது. பெயர் அவரே வைத்தது. அதிலும் காசு சிஸ்டம்தான் ஓடுகிறது. கணக்கு வழக்கு ஏதோ என்று நான் இதுவரை திறந்ததே இல்லை.

"சார், அதை எடுத்துடலாமா?"

"அது இல்லாம இந்த மையமே நடக்காது."

"அப்போ இன்னொரு லைசென்ஸ் முழுசா வாங்கணும் சார்."

யோசித்தார். "மார்க் அச்சடிக்கறதை எடுத்துடு. கையால எழுதிக்கலாம்."

கையாலயா? எத்தனை பேர் மார்க்கை? எங்கேயோ இடிக்கிறது.

மே 9

உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்தால்தான் இலவச சிஸ்டத்துக்கு மாற்ற முடியுமா என்று சொல்ல முடியும் என்றேன். கதவைச் சாத்தினார். திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு திறந்தார். ஆனாலும் ஓரமாகத் தெரிந்தது.

சீட்டு. தனியாக உட்கார்ந்து ஆடும் சீட்டாட்டம். வேறு ஒன்றுமே இல்லை.

"மனசு அமைதிக்கு" என்றார். பிறகு மெதுவாக, "ஆயிரத்துக்கு மேல ஜெயிச்சிருக்கேன், தெரியுமா?"

சிரிப்பை அடக்கியதில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதை அவர் இரக்கம் என்று நினைத்துக்கொண்டார். பிறகு உண்மையாகவே இரக்கம் வந்தது. பாவம், ஒருவருக்கும் சொல்ல முடியாத ஆயிரம் வெற்றி!

"இலவச சிஸ்டத்துலயும் சீட்டு இருக்கு சார்."

"இதே சீட்டா?"

"இதே மாதிரி."

"ராணி முகமெல்லாம் நல்லா இருக்குமா?"

"பாத்துச் சொல்றேன் சார்."

மே 10

ராணி பரவாயில்லை. ராஜாவுக்குத்தான் கொஞ்சம் ஒன்றரைக் கண். அதைச் சொல்லவில்லை.

மே 17

இரண்டாவது ஒத்திகை. லைசென்ஸ் போட்ட இரண்டும், இலவசமான முப்பதும், முப்பத்தொன்றாவது இலவசமாகச் சீட்டு மெஷினும் தானாக எழுந்தன. டாக்டருக்கு இப்போது புத்தி சொல்லிவிட்டேன்: பழையதை அகற்றிவிட்டுத்தான் புதியது, முப்பதுக்கு மேல் பிரசவம் பார்க்கக் கூடாது. நாள் முழுக்க யாரும் சாகவில்லை. டாக்டர் ஈ ஓட்டினார்.

லீவு லெட்டரை நீட்டினேன். "அப்புறம் பேச..." என்று ஆரம்பித்தார். நான் 'முக்கியம் – தொடாதே' இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டார்.

மே 21

மாமியார் காலையிலிருந்து பேசவில்லை. மத்தியானம் வந்து அந்தத் தொப்பியை என் பெட்டிமேல் வைத்தார். "மண்ணு படாம கொண்டு வா."

"அடுத்த தடவை நீங்களும் வாங்க அத்தை."

"அடுத்த தடவைன்னா தேதி சொல்லு." இந்த வீட்டில் 'அப்புறம் பேசலாம்' செல்லாது.

மே 22

கடல்! முட்டி வரை கடல். சரியாகத் தேர்வு தொடங்கும் நேரத்துக்குப் போன் அடித்தது. மேனேஜர். எழுந்துக்கலை, ஒண்ணும் எழுந்துக்கலை, எனக்குத் தெரியும் – அக்கா பிடுங்குவதற்குள் எடுத்துவிட்டேன்.

"சார், மெஷின் எழுந்துக்கலையா?"

"எந்த மெஷின்?"

"தேர்வு மெஷின் சார்!"

"அதுபாட்டுக்கு ஓடுது, எல்லாரும் எழுதிட்டிருக்காங்க. இங்க ஒரு அவசரம்மா. ஒரு சீட்டைத் தப்பா வெச்சுட்டேன். திரும்ப எடுக்கற பட்டன் எங்க இருக்கு?"

சொன்னேன். காது அடைக்கிற மாதிரி அக்கா விசில் ஊதினாள்.

"அது என்ன சத்தம்?"

"அக்கா சார். அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டேன்.

தொப்பியில் கொஞ்சம் மண் பட்டுவிட்டது.