கம்பெனி பூட்டிய வீடு

மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்த ஜெபின், தூக்கி வைத்த முகத்தை இறக்காமலே தூங்கிவிட்டான். வீடு கட்டி விளையாடும் போன் கேம் ஒன்றை அவன் காசு கொடுத்து வாங்கியிருந்தான்; 'விளையாட அனுமதிதான் உங்களுக்கு, உரிமை எங்களுக்கு' என்று சொல்லி விற்ற கம்பெனியே அதை நிறுத்திவிட்டது. "விட்டது சனியன்" என்று அவன் மனைவி ஜாஸ்மின் வாய்தவறிச் சொன்னதுதான் குற்றம். அவள் வேலை பார்க்கும் கிருஷ்ணன்கோவில் காலேஜின் பஸ் வருவதற்குள், ஒரு தாளின் மேல்பாதியில் மட்டும் நெருக்கி நெருக்கி எழுதினாள்.

"ஏங்க, சோறு குக்கர்ல இருக்கு. புளிக்குழம்பைச் சுட வச்சுக்கோங்க. மத்தியானம் எங்க அண்ணன் வருதான், கதவைத் தட்டினா எந்திரிங்க. பிரிட்ஜில இருக்கிற பால்கோவா உங்க காசுல வாங்கினதுதான். ஆனா பாக்க மட்டும்தான் உங்களுக்கு அனுமதி. திங்கிற உரிமை கம்பெனிக்கு, அதாவது எனக்கு.

சரி, ரெண்டு கரண்டி எடுத்துக்கோங்க. அண்ணனுக்கு மிச்சம் வைங்க."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்தாள். கேமில் கட்டிய வீட்டைப் பார்க்க அவன் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பான்! வாசலில் அவள் பெயரைப் போட்டிருப்பதாகச் சொன்னபோதும், "பொறவு வாரேன்" என்றுதான் சொன்னாள்.

தாளின் ஓரத்தில் சாய்த்து எழுதினாள்:

"கீழ்ப்பாதியைச் சும்மா விட்டிருக்கேன். அந்த வீட்டை அதுல வரைஞ்சு வைங்க. அடுப்படி சின்னதா இருந்துச்சோ, சண்டைதான். சாயங்காலம் வந்ததும் மொத வேலையா அதைத்தான் பாப்பேன். பொறவுன்னு சொல்ல மாட்டேன்."