வெங்காயத் தோட்டத்துக் கிணறு

வட்டுக்கோட்டை
09.08.2025

அன்புள்ள கொலின்ஸ் அண்ணைக்கு,

இங்கே அம்மாவும் நாங்களும் சுகம். உங்கள் சுகத்தையும் அண்ணியின் சுகத்தையும் கேட்க வேண்டிய இடம் இது. கேட்க மனம் வரவில்லை. போன் எடுத்தால் "மீட்டிங்கிலை நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்கிறீர்கள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சுண்ணாம்புக்கல் தோண்ட வருகிற கம்பனிக்காக நீங்கள் செய்த தண்ணீர் அறிக்கையை விதானையார் வாசிகசாலைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். "இவ்விடத்து நிலத்தடி நீர் ஏற்கெனவே பசளையால் மாசடைந்து குடிக்கத் தகுதியற்றுள்ளது. அகழ்வினால் மேலதிக பாதிப்போ, கடல் உவர் உட்புகும் சாத்தியமோ இல்லை." கீழே உங்கள் கையெழுத்து. பக்கத்தில் நின்று வாசித்த நல்லம்மா மாமி என்னைத் திரும்பிப் பார்த்து, "உது உன்ரை கொண்ணை எல்லோ?" என்று கேட்டா. "ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

எந்தக் கிணற்றுத் தண்ணீர் அது? எங்கள் வெங்காயத் தோட்டத்துக் கிணறு. அதுவும் யூரியா போட்டு இறைத்துக்கொண்டிருந்த கிழமை. அந்தத் தண்ணீரில் நாங்கள் ஒருநாளும் வாய் கொப்பளித்தது கிடையாது. குடிக்க வீட்டுக் கிணற்றில்தான் அள்ளிக்கொண்டு போவோம். அப்பா தோட்டத்தில் நின்ற காலத்தில் போத்தலில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவர் நீங்கள். தெரியாது என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

எங்கள் பக்கமும் பிழை இருக்கிறது, மறைக்கவில்லை. உங்கள் கந்தோரில் வேலை செய்கிற பிள்ளை வந்து "தண்ணி பரிசோதிக்க வந்திருக்கிறம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். என் மனுசன் பிரகாஸும் அயல் தோட்டக்காரரும் அதைக் குழாய்த் தண்ணீர்த் திட்டத்துக்கு என்று நினைத்துவிட்டார்கள். எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் கெட்டது என்று எழுதினால்தான் குழாய் வரும் என்று, ஊரிலேயே மோசமான கிணறாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். போதாததற்கு அவளுக்கு இளநீரும் வெட்டிக் கொடுத்தார்களாம், விசரர்கள். பிரகாஸை நான் பேசாத பேச்சில்லை. ஆனால் அவருக்கு எதற்கென்று தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அடுத்த மாதம் பிரதேச செயலகத்தில் கூட்டம் வைத்து முடிவெடுக்கப் போகிறார்கள். அதற்கு முதல் வீட்டுக் கிணறுகளில் தண்ணீர் எடுத்து அறிக்கையைத் திருத்துங்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கல்லைத் தோண்டினால் உவர் மேலே ஏறும் என்று நத்தார்ப் பண்டிகைச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் நீங்கள்தானே.

கோபத்தோடு,
தங்கச்சி தாரிகா


கொழும்பு
24.08.2025

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இது நான் தனியாகச் செய்கிற வேலையில்லை. தந்த காலத்துக்குள், காட்டின கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கலாம். அந்தக் கிணற்றில் பசளை கூடியிருப்பது பொய்யில்லையே. இப்போது போய் அறிக்கையை மாற்றினால் இனி எவனும் எனக்கு வேலை தரமாட்டான். பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்கிறார்கள். நீயும் கொஞ்சம் யோசி.

உங்களைக் கஷ்டப்பட விடமாட்டேன். அம்மாவுக்கென்று நல்ல தண்ணீர் வடிகட்டும் மெசின் ஒன்றை லொறியில் போட்டுவிட்டிருக்கிறேன். பசளையை மட்டுமல்ல, உவரையும் எடுக்கும். அகழ்வு தொடங்க முதலே பிரகாஸை அதைச் சுவரில் பொருத்திப் பூட்டச் சொல். கூட்டத்துக்குப் போய்ச் சத்தம் போடாதே. ஊரில் எல்லாருக்கும் நீ யாருடைய தங்கச்சி என்று தெரியும்.

அம்மாவுக்கு என் முத்தம்.

அன்புடன்,
அண்ணன் கொலின்ஸ்


வட்டுக்கோட்டை
19.09.2025

அண்ணைக்கு,

மெசின் வந்தது. பெட்டி உடையவில்லை. பிரகாஸ் பூட்ட வெளிக்கிட்டார், நான் விடவில்லை.

எங்கள் வீட்டுக் கிணற்றில் உவர் இல்லை. இந்த அயலில் ஒரு வீட்டுக் கிணற்றிலும் இல்லை. பிறகெதற்கு உவரெடுக்கிற மெசின்? அதுவும் அகழ்வு தொடங்க முதல்? உவர் வரும் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வராது என்று கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் தாய்க்கு மெசின், நல்லம்மா மாமிக்கு உப்புத் தண்ணீர். அப்படித்தானே? எனக்கு வெட்கமாக இருக்கிறது அண்ணை.

நேற்றுக் கூட்டம். பெட்டியை லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு போனோம். கம்பனி ஆள் உங்கள் அறிக்கையை வாசித்து முடிக்குமட்டும் பொறுத்திருந்தேன். பிறகு பெட்டியை மேசையில் தூக்கி வைக்கச் சொன்னேன்.

"ஐயா, உவர் வராது எண்டு கையெழுத்து வைச்சவர் என்ரை சொந்த அண்ணை. தன்ரை தாய்க்கு மட்டும் உவரெடுக்கிற மெசின் அனுப்பியிருக்கிறார். பெட்டியிலை அவரின்ரை பேர் கிடக்கு, வாசிச்சுப் பாருங்கோ" என்றேன்.

கம்பனி ஆள், "இது இவையின்ரை குடும்ப விசயம்" என்றான்.

"ஓம், குடும்ப விசயம்தான். இஞ்சை இருக்கிற எல்லாருக்கும் குடும்பம் இருக்கு" என்றார் பிரகாஸ். அதற்குப் பிறகு அந்த ஆளைக் கதைக்க ஒருவரும் விடவில்லை.

அனுமதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வேறு ஆட்கள் வந்து வீட்டுக் கிணறுகள் எல்லாவற்றிலும் தண்ணீர் எடுப்பார்களாம். உங்களிடம் விளக்கம் கேட்பார்கள். நீங்கள் எழுதிய கடிதத்தை நான் அங்கே காட்டவில்லை. எவ்வளவு கோபம் இருந்தும் அதற்கு எனக்குக் கை வரவில்லை. ஆனால் விளக்கம் கேட்கிற இடத்திலும் பொய் சொன்னீர்களோ, அந்தக் கடிதமும் அவர்களிடம் போகும்.

அம்மாவுக்கு இவ்வளவு நாளும் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கியதும் என்னவென்று கேட்டா. எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை, உங்களை ஏசவும் இல்லை. மெசினைத் திருப்பி அனுப்பட்டா என்று கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை, இருக்கட்டும். கொலின்ஸ் வந்தால் அவனுக்கு அதிலை வடிச்சுக் குடு. நாங்கள் கிணத்திலையே குடிப்பம்" என்றா.

தாரிகா