கையில் வாங்கிய கத்தி

இன்று காலை உன் மடக்குக் கத்தியை விரித்தேன். மாங்காய்ப் பால் வாசம் குப்பென்று அடித்தது. இது கார்த்திகை மாதம். பாலசமுத்திரம் பக்கம் எந்த மரத்திலும் ஒரு பிஞ்சுகூடக் கிடையாது. இந்தக் கத்தியால் மாங்காய் நறுக்கிய கடைசி ஆள் நீதான். நீ போய் ஏழு வருஷம் ஆகிறது.

உன்னிடம் பதினோரு கத்திகள் இருந்தன. திருப்பதிக்குப் போனால் எல்லோரும் பெருமாளைப் பார்த்துவிட்டு வருவார்கள். நீ அடிவாரத்துக் கடைகளில் கத்தி பார்த்துவிட்டு வருவாய். பித்தளைப் பிடி, மீன் மாதிரிப் பிடி, எல்லாம் பிஸ்கட் டப்பாவில் தூங்கும். மடியில் மட்டும் எப்போதும் இந்தக் கொம்புப் பிடிதான். யார் கேட்டாலும் தருவாய், ஆனால் கையில் தரமாட்டாய். கீழே வைப்பாய், கேட்டவர்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். "கையில குட்தா சண்டை வந்துடும்டா" என்பாய். சிநேகிதன் என்கிற உரிமையில் நான் கேலி செய்வேன்.

ஒரே ஒரு நாள் தவறினாய். ஆந்திரா தனி ராஜ்யமாகி, நாம் எந்தப் பக்கம் என்று ஊரே மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சமயம். எங்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேருங்கள் என்ற மனுவோடு உன் தோப்புக்கு வந்தேன். பென்சில் முனை உடைந்திருந்தது. சீவக் கத்தி கேட்டேன். மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த நீ, பேச்சு வாக்கில் அப்படியே என் கையில் நீட்டிவிட்டாய்.

மனுவைப் படித்தாய். "நான் கையெழுத்துப் போடமாட்டேன்டா. பொண்ணைக் குட்தது சித்தூர்ல, தோப்பு இங்க. நடுவுல கோடு போட்டுட்டா நான் எந்தாண்ட நிக்கறது?"

கூலியாட்கள் முன்னால் உன்னைத் துரோகி என்றேன்.

நீ கோபப்படவில்லை. என் கையைத்தான் பார்த்தாய். "ஐயோ, கையில குட்துட்டனே. கீழ வைடா, நான் எடுத்துக்கறேன். எல்லாம் சரியாப் பூடும்."

நான் வைக்கவில்லை. வேண்டுமென்றே மடியில் செருகிக்கொண்டு நடந்தேன். அந்த மாதமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இப்போது எல்லைக் கல் நட்டுவிட்டார்கள். உன் தோப்பும், அதில் உன்னைப் புதைத்த இடமும் நான் கேட்ட சென்னைப் பக்கம் போயின. நான் ஆந்திராவிலேயே நின்றுவிட்டேன்.

காலையில் அடித்த வாசம் என்னை உட்காரவிடவில்லை. உச்சி வெயிலில் அந்தக் கல்லுக்குப் போனேன். விரித்த கத்தியை அதன்மேல் வைத்தேன். "தப்பு என்னுதுதான். எடுத்துக்கடா" என்றேன். சுற்றிலும் ஒரு காக்கைகூட இல்லை. திரும்பி நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னால் டக்கென்று சத்தம். மடியில் செருகுமுன் நீ கட்டைவிரலால் அழுத்தி மடக்குவாயே, அதே சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கத்தி மடங்கியிருந்தது. பிடியில் வியர்வை ஈரம். சட்டென்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக மட்டும் எடுக்கவில்லை. நீ எடுத்துக்கொண்டால் நம் சண்டை தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டால், அப்புறம் நீ எதற்கு வரப்போகிறாய்?

கத்தி என் மடியில்தான் இருக்கிறது.