சின்னவள் அறைப் பூட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். அந்த மூன்று பேரும் என்பதை மனதாரச் சொல்ல இத்தனை நாள் ஆகிவிட்டது, அதனால்தான் கடிதமும் தாமதம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்டால் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவாய், ஆகவே கேட்கவில்லை. உறைக்குள் கனமாக ஏதோ கையில் தட்டுப்படும். அவசரக்குடுக்கை, அதை இப்போதே எடுத்துப் பார்க்காதே, கடைசியில் சொல்கிறேன்.

போனில் உன்னிடம் வாலுவுக்கு ஜலதோஷம், வாலுவுக்குப் பரீட்சை என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். அது இல்லை கண்ணே. உன் தங்கை ஆறேழு மாதமாகவே சரியாக இல்லை. வால்முளைத்த பெண் என்று நாம் பேர் வைத்தோமே, அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நீச்சலுக்குப் போவதை விட்டாள். தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும், ஏதாவது கேட்டால் வள்ளென்று விழுவாள், இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வயசுக் கோளாறு என்று நான் நினைத்தேன். போன் பைத்தியம் என்று அப்பா நினைத்தார். நாள் முழுக்க மருந்துக் கடையில் நின்று, இதே மனச்சோர்வு நோய்க்கு மாத்திரை வாங்க வரும் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஆறுதல் சொல்கிறவள் நான், என் வீட்டில் இருப்பது எனக்குத் தெரியவில்லை பார். பிறகு பள்ளிக்கூடத்து ஆலோசகர் அம்மா எங்களைக் கூப்பிட்டு, காலையில் கண் விழிக்கவே பிடிக்கவில்லை, விழிக்காமலே இருந்தால் தேவலை என்று இவள் சொன்னதாகச் சொன்னார். உன் அப்பா வீட்டுக்கு வந்ததும் கருவிப் பையைத் திறந்து, அவள் அறைப் பூட்டைக் கழற்றி எடுத்துவிட்டார். தாழ்ப்பாளையும் விடவில்லை. ஊர்ப் பூட்டையெல்லாம் பழுது பார்க்கிற மனிதர், அவருக்குப் பயம் வந்தால் வேறென்ன செய்யத் தெரியும்? பூட்டு இருந்த இடத்தில் கதவில் ஓட்டை மட்டும் இருந்தது.

அவர் நல்லது என்று நினைத்துத்தான் செய்தார், அவரை ஏதும் சொல்லாதே. ஆனால் அதோடு அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். அந்த ஓட்டையில் துணியைத் திணித்தாள், மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள், நான் தள்ளித் திறந்தால் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொள்வாள். மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். அந்த அம்மா இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, நோய், குணமாகும் என்றார். மாத்திரை எழுதினார், வாரா வாரம் வந்து பேசச் சொன்னார், மாத்திரையெல்லாம் எங்கள் கையில் இருக்கட்டும் என்றார். கதவு விஷயத்தைக் கேட்டுவிட்டு அப்பாவைப் பார்த்து, பயப்பட்டது சரிதான், ஆனா அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா என்றார்.

மறுநாள் அப்பா அவள் அறை வாசலில் நின்றபடி, வாலு, உனக்கு எந்த மாதிரி பூட்டு வேணும்னு சொல்லு, போட்டுத் தர்றேன் என்றார். உள்ளேயிருந்து மேசையை நகர்த்தும் சத்தம் கேட்டது. உள்ளே நான் பூட்டிக்கணும்ப்பா, ஆனா எனக்கு ரொம்ப முடியாம போச்சுன்னா நீங்க வெளியே இருந்து திறக்கிற மாதிரி வேணும் என்றாள். அப்பா சரிம்மா என்றுதான் சொன்னார், தன் பூட்டுக் கடைக்குப் போய் அழுதிருக்கிறார், பக்கத்துக் கடைத் தையல்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் கேட்டபடியே ஒன்று செய்து மாட்டினார். தட்டணும், கூப்பிடணும், பதில் வரலைன்னா மட்டும் திறக்கணும், இது அவள் போட்ட சட்டம்.

போன வாரம் அப்படி ஒரு சமயம் வந்தது. நான் தட்டினேன், கூப்பிட்டேன், பதில் இல்லை. என் அலறலைக் கேட்டு அப்பா சாவியோடு ஓடி வந்தார். வந்தவர் சாவியைத் தலைகீழாகப் போட்டுத் திருகுகிறார், அது அவர் கையாலேயே செய்த பூட்டு! அதற்குள் கதவு தானாகத் திறந்தது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறாள் மகராசி. பேயறைந்த மாதிரி நின்ற எங்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானாப்பா உன் தொழில் என்று சிரித்தாள். சிரித்தாளடி! உனக்கு அப்போதே போன் போட வேண்டும் போலிருந்தது. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணாதே. நேற்றுகூட நாள் முழுக்கப் படுக்கையை விட்டு எழவில்லை. நல்ல நாளும் வருகிறது, மோசமான நாளும் வருகிறது, நாங்கள் இரண்டுக்கும் பழகிக்கொண்டிருக்கிறோம்.

நீ வேலைக்கு வெளியூர் போன நாளிலிருந்து அவள் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, உன்மேல் கோபம் என்று வருத்தப்பட்டாய் அல்லவா. இப்போது உறையில் இருப்பதை எடு. அவள் அறைச் சாவி. ஒன்று எங்களிடம் இருக்கிறது. அவளே அப்பாவிடம் கேட்டு இன்னொன்று வெட்டச் சொன்னாள். அக்காவுக்கு அனுப்பும்மா, அவ வந்தா தட்ட வேணாம், நேரா உள்ளே வரட்டும் என்றாள்.

பதறிக்கொண்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடி வராதே, லீவு கிடைக்கும்போது வா. போனில் இப்போ எப்படி இருக்கு என்று துருவாதே, நீ அடுப்பில் கருகவிட்ட கதையைச் சொல், அவள் பேசாவிட்டாலும் நீ பேசு. நீயும் மனசு சரியில்லை என்றால் மறைக்காமல் எனக்குச் சொல்ல வேண்டும், இந்த வீட்டில் இனி ஜலதோஷம் என்ற பொய் செல்லாது. நோய்நொடி இல்லாமல், நிம்மதியாக நீ நன்றாக இருக்க வேண்டும் என் செல்லமே. அப்பாவும் இதையே சொல்கிறார்.

சாவியைப் பத்திரமாக வைக்கிறேன் பேர்வழி என்று பெட்டியடியில் போட்டுவிடாதே. உன் வீட்டுச் சாவியோடு கோத்துக்கொள். கோத்தாச்சா என்று அவள் உன்னிடம் கேட்கப்போகிறாள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா