காப்பில் கல் பதித்தவள்

ஐப்பசி 9, ஞாயிறு இரவு

அக்கா அமெரிக்காவில் நர்ஸாக இருந்தபோது, நவஹோ பழங்குடியைச் சேர்ந்த ஒரு வயதான பெண் நோயாளி அவளுக்குக் கொடுத்த வெள்ளிக் காப்பு இது. நீலக்கல்லும் சிப்பியும் இடைவெளி தெரியாமல் பதித்திருக்கும். அக்கா இறந்த பிறகு என்னிடம் வந்தது. செய்தவர் என்று யார் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, அங்கே ஒரு மியூசியத்துக்குப் படம் அனுப்பியிருந்தேன்.

இன்று பதில் வந்தது. உள்பக்க முத்திரையைப் பார்த்து, செய்தவர் என்று ஓர் ஆணின் பெயரை எழுதியிருக்கிறார்கள். அக்கா சொல்லிக் கேட்ட பெயர்தான், காப்பைக் கொடுத்த அந்த அம்மாவின் புருஷன். வெள்ளி வேலை அவருடையது, கல்லை அறுத்துப் பதித்த வேலையெல்லாம் தன்னுடையது என்று அந்த அம்மா அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். கல்தூள் ஏறித்தான் அவளுக்கு நெஞ்சு கெட்டது. அதற்குத்தான் அக்கா மருந்து கொடுத்தாள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"முத்திரை யாருதோ அவங்க பேருதான் போடுவாங்க. உனக்கு இன்னாத்துக்கு டென்ஷன்?" என்றார்.

"பஜார்ல நம்ம தையல் கடை போர்டுல உங்க பேருதான் இருக்குது. ஜாக்கெட் தைக்கிறது யாரு?"

அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

உடனே மியூசியத்துக்கு எழுதினேன். இரண்டு பேர் பெயரையும் போடுங்கள், பதித்தவள் பெயரை முதலில் போடுங்கள் என்று. ஆதாரம் கேட்பார்கள். கேட்கட்டும். மூச்சு வாங்க வாங்க அவள் சொன்னதை அக்கா கேட்டாள். அக்கா சொன்னதை நான் கேட்டேன். அவர்கள் ஒத்துக்கொள்ளும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன்.