மூலைப் பூவில் ஓர் இதழ்

1934 ஆகஸ்ட் 28, செவ்வாய்.

காய்ச்சலில் காது போன என் மகள் ராஜத்தை இன்றும் ஸ்ரீரங்கத்து ஹோமியோபதி டாக்டரிடம் கூட்டிப்போனேன். சுவரில் தொங்கும் அவருடைய கல்கத்தா டிப்ளமாவை இன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். என் இங்கிலீஷ் அச்சுக் கோக்கத்தான் உதவும், அர்த்தம் கேட்டால் முழிப்பேன். ஆனால் அந்தப் பூ பார்டரை எனக்குத் தெரியும். இடது மூலைப் பூவில் ஓர் இதழ் இல்லை. போன வருஷம் அந்த அச்சைக் கீழே போட்டு உடைத்தவன் நான்தான். தெப்பக்குளத்துப் பக்கம் எங்கள் பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் அந்த மூளிப் பூதான்.

"என்ன அப்படிப் பார்க்கிறீங்க?" என்றார் டாக்டர்.

"நல்லா அச்சடிச்சிருக்காங்க."

"கல்கத்தா வேலையாச்சே. நம்ம ஊர்க்காரனுக்கு இந்தச் சுத்தம் வருமா?"

என் வேலையை ஒருவர் புகழ்ந்தது இதுவே முதல் தடவை.

காவிரிப் பாலத்தில் நடந்து திரும்பும்போது பக்கத்து ரயில் பாலத்தில் வண்டி தடதடவென்று போனது. ராஜம் காவிரியையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி, "காலையில குடம் விழுந்தப்ப இவ திரும்பின மாதிரி இருந்துச்சுங்க" என்றாள்.

"அப்படியா" என்றேன்.

நாலு மருந்து உருண்டையை ராஜத்தின் நாக்கில் போட்டாள். இனிப்பு என்று ராஜம் சிரித்தாள்.

நாளைக்குச் சொல்ல வேண்டும். அந்த டிப்ளமா நிஜமாக இருந்திருக்கக் கூடாதா. இருவரும் தூங்கியபின், எல்லாம் தெரிந்தும், ராஜத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டேன். மனைவிதான் விழித்து, "என்னங்க" என்றாள்.